தலைதட்டிய ஸ்பூன்

சின்ன ஸ்பூனில் தலைதட்டி எடுத்தால் உப்பு ஆறு கிராம். நோபுயோவுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான். காலையில் சூப்பில் மிசோ என்ற சோயா விழுதோடு போவது, மதியம் மீனில் ஏறுவது, இரவு கீரையின்மேல் சொட்டும் சோயா சாஸ் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடங்கிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் ஹமாதா அதைச் செய்தே காட்டினாள். பிளாஸ்டிக் ஸ்பூனில் உப்பை அள்ளி, தட்டையான குச்சியால் மேலே வழித்துவிட்டு, அவர்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தாள். தெய்ஸோ கசாய் அதைப் பார்த்தார். அவர் மனைவி நோபுயோவும் பார்த்தாள்.

"இது ஒரு வேளைக்கா?" என்றாள் நோபுயோ.

"ஒரு நாளைக்கும்மா."

நோபுயோ சிரித்துவிட்டாள். "எங்க பக்கம் முள்ளங்கி ஊறுகாய்க்கு மேல தூவுறதே இதைவிட ஜாஸ்தி."

ஹமாதாவும் சிரித்தாள். அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தான். வட ஜப்பானின் ஹிரோசாகியில் உப்புக் குறைந்த வீடு என்று ஒன்று கிடையாது. ஆனால் பக்கத்து அறையில் டாக்டர் சொன்னதில் சிரிக்க எதுவும் இருக்கவில்லை. சிறுநீரகத்தில் மிஞ்சியிருப்பது ஐந்தில் ஒரு பங்கு. உப்பு இறங்கினால் டயாலிசிஸை இன்னும் சில வருஷம் தள்ளிப்போடலாம். இறங்காவிட்டால், செர்ரி பூப்பதற்குள் இடது கையைக் கீறி ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும். பிறகு வாரத்தில் மூன்று நாள், ஆயுள் முழுக்க, இயந்திரத்தோடு. நோபுயோவின் அக்கா அப்படித்தான் இருந்து போனாள். அந்தக் கையில் தடித்து நெளிந்திருந்த நரம்பை நோபுயோ ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கிறாள். உள்ளே இரைகிறது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

முதலில் அவளே ஸ்பூன் வைத்துச் சமைத்துப் பார்த்தாள். முடியவில்லை. கை முந்திக்கொண்டது. ஜாடிக்குள் மூன்று விரல் போய் வந்து, பாத்திரத்தில் உப்பு விழுந்து கரைந்த பிறகுதான் ஸ்பூன் ஞாபகம் வரும்.

"நான் போடல. கை போட்டுடுச்சு," என்பாள்.

கால் வேறு வீங்கியிருந்தது. அடுப்பங்கரையில் நின்றால் கணுக்காலில் விரல் அழுத்திய குழி அப்படியே நிற்கும். ஒருநாள் தெய்ஸோ அவள் இடுப்பிலிருந்து ஏப்ரனை அவிழ்த்துத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டார். அவள் தடுக்கவில்லை. முடிச்சுப் போடத் தெரியாமல் அவர் திணறியபோது மட்டும் பின்னால் வந்து போட்டுவிட்டாள்.

அவர் ரயில் ஓட்டியவர். ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் இரண்டு பெட்டி உள்ளூர் வண்டி. ஓய்வு பெறும்வரை அதே தடம். சமையலில் அவருக்குத் தெரிந்தது வெந்நீர் போடுவது. ஆனால் சுட்டிக் கூவுவது தெரியும். சிக்னலைப் பார்த்தால் வலக்கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் சுட்டி, "புறப்பாடு, பச்சை, சரி!" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெட்டியில் தனியாக இருந்தாலும் சொல்ல வேண்டும். கண் மட்டும் பார்த்தால் மனம் எங்காவது போய்விடும், விரலும் குரலும் கூட இருந்தால் போகாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பணிக்காலம் முழுக்க அப்படிக் கூவியே ஓட்டினார். ஒரு விபத்தும் கிடையாது.

ஹமாதா எல்லாவற்றையும் கிராமில்தான் கொடுத்திருந்தாள். வீட்டில் இருந்ததோ ஆப்பிளும் ஊறுகாய் உப்பும் நிறுக்கிற பழைய வில் தராசு. ஆறு கிராம் உப்பை வைத்தால் அதன் முள் அசையவே இல்லை. அவர் அதன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். சென்தாயிலிருந்து மகள் எலக்ட்ரானிக் தராசு அனுப்பினாள். அடுப்பங்கரைக் குளிரில் அது இரண்டா மூன்றா என்று முடிவெடுக்க முடியாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. அதனால் கிராமை எல்லாம் ஸ்பூனுக்கு மாற்றிக்கொண்டார்.

அப்போதுதான் அந்த விஷயம் அவரைக் கலவரப்படுத்தியது. ஸ்பூன் ஒன்றுதான். ஆனால் உப்பைப் போட்டால் ஆறு கிராம், சர்க்கரை என்றால் மூன்று, வினிகர் ஐந்து, எண்ணெய் நான்கு. பொடி உப்புக்கும் கல்லுப்புக்குமே ஒரு கிராம் தள்ளுகிறது. சோயாவும் மிசோவும் அதே ஆறு கிராம்தான், ஆனால் உள்ளே இருக்கிற உப்பு வேறு. சோயாவில் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. மிசோவில் அதைவிடவும் குறைவு. ஒரே ரயில் பெட்டிதான் காலையில் பள்ளிப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டும் மதியம் காலியாகவும் ஓடும், பிரேக்கை எங்கே பிடிப்பது என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். அப்படி நினைத்துக்கொண்ட பிறகு கொஞ்சம் பிடிபட்டது. கால அட்டவணையை மனப்பாடம் செய்ததுபோல அவ்வளவையும் மனப்பாடம் செய்தார்.

அடுப்பங்கரைக்கும் அவள் உட்கார்ந்திருக்கும் அறைக்கும் நடுவில் காகிதம் ஒட்டிய ஒரு இழுப்புக் கதவு. குளிர்காலத்தில் அது மூடியே இருக்கும். அந்தப் பக்கம் அவள், கணப்பு வைத்த தாழ்ந்த மேசைக்கடியில் காலை நீட்டி, மேலே மெத்தையைப் போர்த்திக்கொண்டு. இந்தப் பக்கம் அவர், மூச்சு புகையாக வெளியேற, ஏப்ரனோடு.

"மிசோ! சின்ன ஸ்பூன் ரெண்டு! தலைதட்டியாச்சு! சரி!"

கதவுக்கு அப்பாலிருந்து குரல் வரும். "டிரைவர் சார், அடுத்தது எந்த ஸ்டேஷன்?"

"கீரை."

"நிக்குமா?"

"ஒரு நிமிஷம் நிக்கும். சோயா! சின்ன ஸ்பூன்ல பாதி! சரி!"

"பாதி ஸ்பூன் சோயாவுக்கு இவ்வளவு சத்தமா? பக்கத்து வீட்ல எழுந்து உட்கார்ந்துருப்பாங்க."

ஆனால் சாப்பாடு வாயில் வைக்கிற மாதிரி இல்லை. முதல் வாரங்களில் அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் படுக்க வைத்துவிடுவாள். "காய் வெந்நீர்ல குளிச்சிட்டு வந்திருக்கு," என்பாள். கோபமாகச் சொல்வதில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் கன்னம் ஒட்டியது. எடை குறைந்ததைப் பார்த்து ஹமாதாவே கவலைப்பட்டாள்.

"சாப்பிடாம இருக்கறது அதைவிட மோசம், கசாய் சார். உப்பைக் குறைச்ச இடத்துல தாஷியை நல்லா தூக்கலா விடுங்க. சாறு கெட்டியா இருந்தா நாக்கு உப்பைத் தேடாது. அதுக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீங்க."

அவர் எழுந்து தலைவணங்கினார். வழியிலேயே சூப்பர் மார்க்கெட்டில் இறங்கி, தாஷி எங்கே என்று கேட்டார். அங்கே இருந்த பெண் கையை நீட்டிக் காட்டினாள். மீன் படம் போட்ட அட்டைப் பெட்டிகள் ஒரு தட்டு முழுக்க அடுக்கியிருந்தன. பெரிதாக ஒன்று வாங்கினார். வீட்டுக்கு வந்து, ஈரம் பட்டுக் கட்டியாகிவிடாமல் இருக்க அந்தப் பழுப்புக் குருணையை ஒரு தேயிலை டப்பாவில் கொட்டி மூடி, பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டார். பொடி வகைகளை நோபுயோ அப்படித்தான் செய்வாள்.

கல்யாணம் ஆன நாள்முதல் அவர் எழுவதற்கு முன்பே வீட்டில் ஒரு வாசனை நிறைந்திருக்கும். நெத்திலிக் கருவாட்டின் தலையையும் வயிற்றையும் கிள்ளி எறிந்துவிட்டு, இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு, விடிந்ததும் அவள் கொதிக்கவைக்கிற வாசனை. அது காலையின் வாசனை என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதன் பெயர்தான் தாஷி என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று இரவு அவள் கிண்ணத்தைக் காலி செய்தாள். அடியில் ஒட்டியிருந்த கீரையையும் குச்சியால் எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு கிண்ணத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு நல்லா இருக்கு," என்றாள்.

அந்தச் சொல்லை அவர் மறுநாள் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்தார். கூரைப் பனியைத் தள்ளும்போதும் அது கூட இருந்தது. பனியைத் தள்ளி முடித்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றி நின்று, காரணமில்லாமல் "சரி!" என்றார்.

அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டாள். சூப், அவித்த முள்ளங்கி, முட்டை எல்லாவற்றிலும் டப்பாவைச் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டுவார். சில நாள் மூன்று. அதற்குக் கணக்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்றதெல்லாம் தலைதட்டி, சுட்டி, கூவி.

புது வருஷம் முடிந்து பரிசோதனைக்குப் போனார்கள். ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரில் எவ்வளவு உப்பு வெளியேறுகிறது என்று பார்த்தால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியும். டாக்டர் திரையைப் பார்த்தார்.

"பதினொண்ணு," என்றார்.

தெய்ஸோ தாம் தவறாகப் பார்த்துவிட்டதாக நினைத்துத் திரையை நோக்கி விரலை நீட்டினார். பதினொன்றுதான். ஸ்பூன் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு.

"வீட்ல சமைக்கறதைத் தவிர வேற ஏதாவது... ஊறுகாய், ராமென் நூடுல்ஸ், அந்த மாதிரி?" டாக்டர் நோபுயோவைப் பார்த்து இதமாகத்தான் கேட்டார்.

"நான் எங்க போய்ச் சாப்பிடறது டாக்டர்? கக்கூஸுக்குப் போறதே எனக்கு வெளியூர்ப் பயணம்."

டாக்டர் சிரித்தார். தெய்ஸோ சிரிக்கவில்லை.

திரும்பி வந்ததும் ஸ்பூனைச் சந்தேகித்தார். புதிதாக ஒரு செட் வாங்கினார். பழையதில் தண்ணீர் நிரப்பிப் புதியதில் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு சொட்டு குறையவில்லை. உப்பு ஜாடியைக் குலுக்கினால் அடர்ந்துவிடுமோ என்று குலுக்காமல் எடுத்தார். மிசோவை அழுத்தி எடுத்தால் அதிகம் ஏறும் என்று அதை மெதுவாகச் சுரண்டி நிரப்பினார். ஸ்பூன் பாதி என்றால் பாதி அல்ல, கிண்ணம் போலக் குழிந்த அடியில் பாதி உயரம் பாதிக்கும் குறைவு என்று கண்டுபிடித்து, இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் போட்டார். குரலும் உயர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த கிண்டல் எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் பன்னிரண்டு.

ஸ்பூன் பொய் சொல்லவில்லை என்றால் அவள் சொல்கிறாள். அப்படி அவர் நினைத்தது ஒரு மத்தியானம். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நினைப்பு வந்தவுடன் எழுந்து கொட்டகைக்குப் போனார். அங்கே அவள் இலையுதிர் காலத்தில் போட்ட முள்ளங்கி ஊறுகாய்த் தொட்டி, தவிடும் உப்புமாக, மேலே ஆற்றுக்கல் வைத்து இருந்தது. மூடிக்கும் தொட்டிக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மறுநாள் போய்ப் பார்த்தார். கோடு கோடாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும். கோடு நகர்ந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அலமாரிகளைத் தேடினார். மெத்தைகளுக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவளின் குளிர்கோட்டுப் பையில் கையை விட்டார். கைக்குட்டையும் ஒரு இருமல் மிட்டாயும் இருந்தன. மிட்டாயின் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

பிறகு பக்கத்து வீட்டு மிச்சுகோவைச் சந்தேகித்தார். அவள் வாரத்துக்கு ஒரு தடவை வந்து நோபுயோவோடு பேசிக்கொண்டிருப்பவள். இந்தத் தடவை வாசலிலேயே நின்று அவள் கைப்பையைப் பார்த்தார்.

"என்ன கசாய் அண்ணே, பரிசோதகர் வேலைக்கும் போயிட்டீங்களா? டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கேன்."

"பையில என்ன?"

"ஊசி நூல். வேணும்னா உப்புக் கரிக்குதான்னு நக்கிப் பாருங்க."

உள்ளேயிருந்து நோபுயோ சிரிக்கும் சத்தம் கேட்டது. இருமலில் போய் முடிந்தது. அவருக்கு முகம் சூடேறியது. அன்று மிச்சுகோ கிளம்பும்போது கொட்டகையிலிருந்த தொட்டியை அப்படியே எடுத்துப்போகச் சொன்னார்.

"தொட்டியோடயா? அவங்களைக் கேட்டீங்களா?"

"கொண்டு போங்க."

மிச்சுகோவின் மகன் பனிச்சறுக்குப் பலகையில் தொட்டியைக் கட்டி இழுத்துப் போனான். ஜன்னல் கண்ணாடியின் ஆவியைத் துடைத்துவிட்டு நோபுயோ அதைப் பார்த்தாள். கல்லை மட்டும் அவர்கள் விட்டுப் போயிருந்தார்கள். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை. கண்ணாடியில் மறுபடி ஆவி படிந்தது.

அன்றும் சூப்பில் மூன்று தட்டுத் தட்டினார். அவள் மனசு நோகிற நாளில் சாப்பாடாவது நன்றாக இருக்கட்டும் என்று.

பன்னிரண்டு காட்டிய அந்த பிப்ரவரிப் பரிசோதனைக்குச் சில நாள் கழித்து டாக்டர் அவர்களை மறுபடி ஹமாதாவிடம் அனுப்பினார். அவள் மேசைமேல் அதே பிளாஸ்டிக் ஸ்பூன் இருந்தது. தெய்ஸோ எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஒவ்வொரு வேளையும், ஒவ்வொரு ஸ்பூனும். கூட்டினால் ஆறுகூட வரவில்லை. ஹமாதா இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள்.

"எனக்குப் புரியல," என்றாள். அதை அவள் ஒளிக்கவில்லை. "ஒண்ணு பண்ணுவோமா கசாய் சார்? இங்கேயே காலைச் சூப் வைங்க. இதுதான் அடுப்பு, இது பாத்திரம்னு வெச்சுக்கங்க. வெறுங்கையாலதான். வீட்ல எப்படிச் செய்வீங்களோ அப்படியே."

அவர் எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். பக்கத்தில் நோபுயோ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இல்லாத குழாயைத் திறந்தார். இல்லாத அடுப்பைப் பற்ற வைத்தார். "தண்ணி! ரெண்டு கிண்ணம்! சரி!" விரல் நேராக நீண்டது. வெளி வராந்தாவில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். முள்ளங்கியை நறுக்கினார். போட்டார். மேலே ஒரு தட்டிலிருந்து எதையோ எடுத்து, மூடியைத் திருகி, பாத்திரத்தின்மேல் சாய்த்து இரண்டு தட்டு, கொஞ்சம் யோசித்து இன்னொரு தட்டு. மூடினார். வைத்தார். "மிசோ! சின்ன ஸ்பூன் ரெண்டு! தலைதட்டியாச்சு..."

"நில்லுங்க," என்றாள் ஹமாதா.

அவர் விரல் நீட்டியபடி நின்றார்.

"இதுக்கு முன்னாடி உங்க கை ஒண்ணு செஞ்சுது. அது என்ன?"

"எது?"

"மேல இருந்து எடுத்துத் தட்டினீங்களே. அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லல."

அவர் தம் கையைப் பார்த்தார். "தாஷி," என்றார். "கணக்குப் பார்க்க வேண்டாம்னு சொன்னீங்களே."

ஹமாதாவின் முகம் மெதுவாக மாறியது. "தட்டினீங்களா? சார், அது தூளா?"

"குருணை."

"நெத்திலியைப் போட்டுக் காய்ச்சறதைத்தான் நான்..." அவள் பாதியில் நிறுத்தினாள். "அதுல பாதிக்குக் கொஞ்சம் குறைவா உப்புதான், சார். ஒரு சின்ன ஸ்பூன் போட்டா ஒரு கிராமுக்கு மேல போயிடும். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் வரும்?"

அதுதான் அவருக்குத் தெரியாது. வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் ஒரு ஸ்பூனின் எடை அவருக்குத் தெரியும், அதன் எடை தெரியாது. அது ஸ்பூனுக்குள் போனதே இல்லை. நாலு இருக்கலாம். அஞ்சு இருக்கலாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் இன்னும் தெளிவா சொல்லியிருக்கணும்," என்றாள் ஹமாதா. யாருக்கும் உதவாத குரலில் அதை இரண்டாவது தடவையும் சொன்னாள்.

நோபுயோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கார்கள் நிறுத்துமிடத்தில் ஒருவன் பனி அள்ளிக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்தாள். ஹமாதா சொன்னதைக் கேட்டு அவள் திரும்பவில்லை என்பதை அப்போது தெய்ஸோ கவனிக்கவில்லை. காரில் வரும்போது, ரயில்வே கேட்டில் வண்டிக்காகக் காத்து நின்றபோதுதான் அது நினைவுக்கு வந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை.

இரண்டு பெட்டியும் கடந்து போயின. கேட் ஏறியது. பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்தான்.

வீட்டில் அவளைக் கணப்பில் உட்காரவைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார். டப்பாவைத் திறந்து, ஒரு விரல் நுனியில் ஒற்றி நாக்கில் வைத்தார். அதை அவர் தனியாக ருசி பார்த்ததே இல்லை. மீனைவிட உப்புதான் முதலில் வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாளும் அவள் வீட்டுக்குள் குருணை வாங்கி வந்ததில்லை. முதல் வாயிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைக்கூட விடலாம். அவர் கணக்கில் சேர்த்திருப்பார் என்று நம்பியிருக்கலாம். ஆனால் நடுவில் இருந்தது ஒரு காகிதக் கதவு.

அந்தக் கதவைப் பார்த்தபடியே கேட்டார். "நோபுயோ."

"ம்."

"நான் இங்க இருந்து கூவறது உனக்குக் கேக்குமா?"

"கேக்காம? கல்லறையில இருக்கறவங்களுக்கே கேக்கும்."

"எல்லாம் கேக்குமா?"

"எல்லாம்."

கூரையிலிருந்து ஒரு பாளம் பனி வழுக்கிக் கொல்லையில் விழுந்தது. வீடு ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. கூவாமல் விட்டதும் கேட்டதா என்று. அவர் வாயைத் திறந்தார். அவள் கோட்டுப் பையிலிருந்த இருமல் மிட்டாய் ஞாபகம் வந்தது. சாக்பீஸ் கோடு ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாக அவள் பார்த்த தொட்டி.

கதவுக்கு அப்பாலிருந்து, கேட்காத கேள்விக்கு, அவள் குரல் வந்தது.

"சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க."

அவ்வளவுதான். அதில் எத்தனை பங்கு மன்னிப்பு, எத்தனை பங்கு நன்றி, எத்தனை பங்கு வேறு ஏதோ என்று பிரித்தெடுக்க அவரிடம் ஸ்பூன் இல்லை. அவர் டப்பாவை மூடி, எட்டாத தட்டில், பின்னால் தள்ளி வைத்தார். கொட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தள்ளி வைத்தார்.

அதன்பிறகு நெத்திலி வாங்கினார். தலையைக் கிள்ளினார். வயிற்றின் கருப்பைக் கிள்ளினார். அவள் சொல்லிக் கொடுக்கவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. அவர் காய்ச்சியது கசந்தது. அவள் பாதிக் கிண்ணம் சாப்பிட்டுக் குச்சிகளைப் படுக்க வைத்தாள். மார்ச் பரிசோதனையில் உப்பு ஆறு. டாக்டர் தலையாட்டிப் பாராட்டினார். பிறகு இன்னொரு தாளைப் புரட்டி, சிறுநீரகம் திரும்பி வருகிற உறுப்பு இல்லை என்றார். குளிர்காலத்தில் போனது போனதுதான். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பூங்காவில் செர்ரி மரங்களின் கிளைகளிலிருந்து பனி அப்போதுதான் உதிர்ந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய நாள் மாலை அவர் சூப் வைத்தார். அந்தப் பக்கம் அவள் இடது கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டு, மணிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். போகும்போது அவர் பார்த்திருந்தார். கதவை மூடிவிட்டு வந்திருந்தார்.

"தண்ணி! ரெண்டு கிண்ணம்! சரி!"

நெத்திலியை வடிகட்டினார். முள்ளங்கியைப் போட்டார். மிசோவை எடுத்து வழித்தார்.

"மிசோ! சின்ன ஸ்பூன் ஒண்ணு! தலைதட்டியாச்சு! சரி!"

கரைத்தார். கிண்ணத்தை எடுத்து வைத்தார்.

"டிரைவர் சார்," என்றது குரல்.

எத்தனையோ நாள் கழித்து அந்தப் பெயர். "என்ன?"

"அந்த டப்பாவையும் இன்னைக்கு ஒரு தடவை கூவுங்களேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேல் தட்டில், இருட்டில், டப்பாவின் விளிம்பு தெரிந்தது. அவர் வலக்கை தானாக எழுந்து நீண்டது. ஆள்காட்டி விரல் அதைச் சுட்டியது. இனி பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு அளவு. எந்த அளவைச் சொல்வது? கால் ஸ்பூன் என்று அளந்தால் இனி எதைத் தள்ளிப்போட, போட மாட்டேன் என்றால் இனி எதைக் காப்பாற்ற?

சூப் ஆறிக்கொண்டிருந்தது. கதவுக்கு அப்பால் அவள் காத்திருப்பது அவருக்குக் கேட்டது. விரலை இறக்கவும் முடியாமல், குரலும் எழாமல், அவர் அப்படியே நின்றார்.